மொழிக்குள் மொழி

எண்களும் குறியீடுகளும் சேர்ந்த தொடரை அட்சரகணிதத்திலே கோவை என்கின்றோம். குறியீடுகளுக்குப் பெறுமானம் கொடுத்து விடை காண்பது மதிப்பிடுதலாகும். மாணவன் தாளிற் செய்யும் இவ்வேலையைக் கணனியிற் செய்வித்தல் எளிது. ஆயின், மதிப்பிடவேண்டிய கோவை யாதென்று செய்நிரலை எழுதுவோனே முன்கூட்டி அறியாதவிடத்து என்செய்வது? இவ்வினாவையே ஈண்டு ஆராயப் புகுகின்றோம்.

ஓர் உதாரணம் கொள்வோம். எழுத்துத் தேர்வுக்கு நூற்றுக்கு 60 வீதமும் செயன்முறைக்கு 40 வீதமும் சேர்த்து இறுதிப் புள்ளி கணிக்கப்படுகின்றது. எழுத்தில் 70, செயன்முறையில் 85 பெற்றவனுக்கு 70 × 0.6 + 85 × 0.4, அதாவது 76 புள்ளி. இக்கோவையைச் சி மொழியில் எழுதிவிட்டால், தொகுப்பான் அதனைப் பொறியின் கட்டளைகளாக்கி நிலைபெறச் செய்துவிடும். அடுத்த ஆண்டு வீதம் மாறின், செய்நிரலைத் திருத்தி மீண்டும் தொகுத்தல் வேண்டும். கோவையைச் செய்நிரலுக்கு வெளியே ஒரு கோப்பில் வைத்து, வேண்டும்போது வாசித்து மதிப்பிட முடியுமாயின் இத்தொல்லை இல்லை. அதற்குச் சி மொழிச் செய்நிரலினுள்ளே மற்றொரு சிறு மொழியின் மொழிபெயர்ப்பானைக் குடியமர்த்துகின்றனர்.

அவ்வாறு குடியமர்தற்கென்றே வகுக்கப்பட்ட மொழிகளுள் லூவா சிறந்ததொன்று. 1993ஆம் ஆண்டிற் பிறேசில் நாட்டின் றியோ டி ஜெனீரோவிலுள்ள கத்தோலிக்கப் பல்கலைக்கழகத்தில் இயெருசலிம்ஸ்கி, பிகெய்றெடோ, செலஸ் என்னும் மூவர் இதனை ஆக்கினர். இதற்கு முன் அங்கு வழங்கிய ஒரு மொழியின் பெயர் சோல். போர்த்துக்கேய மொழியில் அது ஞாயிறு. லூவா என்பது திங்கள். இதன் மொழிபெயர்ப்பானும் சி மொழியிலேயே எழுதப்பட்டது.

இரு மொழிகளுக்கும் இடையே கொடுக்கல் வாங்கல் நடைபெறும் இடம் அடுக்கு எனப்படும். ஒன்றன்மேல் ஒன்றாகத் தட்டுகளை வைப்பதுபோலப் பெறுமானங்கள் அதன்மீது வைக்கப்படுகின்றன. கீழிருந்து எண்ணுங்கால் 1, 2, 3 எனவும், மேலிருந்து எண்ணுங்கால் −1, −2, −3 எனவும் அவற்றைச் சுட்டலாம்.

மதிப்பிடும் முறை வருமாறு. முதலில், மாணவனின் புள்ளியை அடுக்கில் வைத்து, அதற்கு 'எழுத்து' என்றாற்போல ஒரு பெயர் சூட்டுகின்றோம்; செயன்முறைக்கும் அவ்வாறே. இரண்டாவதாக, கோவையின் வாசகத்தை லூவாவிடம் ஒப்புவிக்கின்றோம். இங்கே புதியோர் பலர் இடறுவர். லூவா ஏற்பது கூற்றுக்களையேயன்றி வெறுங் கோவையை அன்று. ஆகவே, கோவையின் முன்னே 'திருப்பித் தருக' என்று பொருள்படும் 'ரிட்டேர்ன்' என்னும் சொல்லைச் சேர்த்தல் வேண்டும். வாசகம் பிழையற்றதாயின் அது ஒரு சார்பாகி அடுக்கின் உச்சியில் அமரும். மூன்றாவதாக, அச்சார்பை அழைக்கின்றோம். சார்பு நீங்கி, அதனிடத்தில் விடை வந்து நிற்கும். நான்காவதாக, விடையை வாசித்து, அதனை அடுக்கினின்றும் அகற்றுகின்றோம்.

இனி, கவனிக்கவேண்டியவற்றைக் கூறுவாம். அழைத்தல் இருவகைப்படும். காப்பின்றி அழைக்குமிடத்துக் கோவையிற் பிழை நேரின், லூவா மாத்திரமன்றி அதற்கு இடமளித்த செய்நிரல் முழுவதும் வீழ்ந்துவிடும். 'பீகால்' என்னும் காப்புள்ள அழைப்பைக் கையாண்டால், வெற்றிக்கு 0 என்னும் குறியும், தோல்விக்கு வேறொரு குறியும் கிடைக்கும். தோல்வியின் காரணமும் அடுக்கின் உச்சியில் வைக்கப்படும். பிறர் எழுதும் கோவைக்குக் காப்புள்ள அழைப்பே தகும்.

விடையை வாசிப்பதில் இன்னுமொரு பெரிய இடர் உண்டு. கோவை எழுதியவர் கைமறதியாக 'எழுத்து 40க்குக் குறையாதது' என்ற ஒப்பீட்டை எழுதிவிட்டாரென வைத்துக்கொள்வோம். இதில் இலக்கணப் பிழை இல்லை. அழைப்பும் வெற்றி பெறும். ஆனால் விடை எண்ணன்று; 'மெய்' என்பதே. அதனை எண்ணாக வாசிக்கும் 'டூநம்பர்' என்னும் சார்போ, எண்ணாக மாற்ற இயலாத எதற்கும் ஓசையின்றி 0 என்று விடை தந்துவிடும். எழுபது புள்ளி பெற்ற பிள்ளையின் பெயருக்கு நேரே சுழியம் பதியப்படும். பொறியின் ஒழுங்கில் யாதொரு குறையுமில்லை, பிள்ளையோ சித்தியடையான். ஆதலின், கிடைத்தது எண்தானா என்று வினவிய பின்னரே அதனை ஏற்றல் வேண்டும். அவ்வாறு வினவுதற்கு வேண்டிய சார்புகளை லூவாவே தருகின்றது.

வாசித்த விடையை அகற்றாது விடுதலும் தவறாகும். ஒருமுறை மதிப்பிடுங்கால் அத்தவறு தெரியாது. ஆயிரம் மாணவருக்கு மதிப்பிடுங்கால் எஞ்சிய தட்டுகள் ஒவ்வொன்றாக உயரும். லூவா உறுதியளிப்பது 20 இடங்களே. மேலும் வேண்டுவோன் முன்னரே கேட்டுப் பெறல் வேண்டும். கேளாது மிஞ்சுவானாயின் நேர்வது யாதென்று சொல்ல இயலாது. சிலர் முன்னிலும் பின்னிலும் அடுக்கின் உயரத்தை அளந்து ஒப்பிட்டுப் பார்ப்பர். அது நல்ல வழக்கம்.

இரு மொழிகளின் கணக்குமுறை வேறுபடுதலையும் மறத்தலாகாது. முழுவெண்களாகிய 7ஐ 2ஆல் வகுத்தாற் சி மொழி தருவது 3. லூவா தருவது 3.5.

முன்பின் அறியாதார் எழுதிய கோவையாயின் எச்சரிக்கை இரட்டிக்கும். கோவை என்ற பெயரில் முடிவற்ற சுற்றொன்றை ஒருவர் எழுதிவிடவுங்கூடும். கோப்புக்களை அழிக்கும் சார்பை அழைக்கவுங்கூடும். புதிதாக ஆக்கப்பட்ட லூவாவில் நூலகம் எதுவும் திறந்திராது. புள்ளி கணிப்பதற்குக் கூட்டலும் பெருக்கலும் போதுமாகையால், வேண்டாத நூலகங்களைத் திறவாது விடுவதே முதற்காவல். இத்துணைக் கட்டளைகளுக்குமேற் செல்லலாகாதென வரம்பிடுதற்கும் வழியுண்டு.

லூவா விலையின்றிக் கிடைப்பது. மேலே கூறிய நான்கு படிகளையும் முப்பது வரிகளுக்குள் எழுதிவிடலாம். மாணவர் அவ்வாறு எழுதியபின், வேண்டுமென்றே பிழையான கோவைகளைக் கொடுத்துச் சோதித்துப் பார்ப்பாராக. சரியான கோவைக்குச் சரியான விடை தருவதனால் மாத்திரம் ஒரு செய்நிரல் நம்பத்தக்கதாகாது. பிழையான கோவை வந்தபோது, சுழியத்தை எழுதிவிட்டு அமைதியாயிராது, 'இது பிழை' என்று வாய்திறந்து கூறுவதே பிறர் வாழ்வோடு தொடர்புடைய கணக்கை ஒப்படைத்தற்குரியது.