தொட்டிக்கு எந்த மண்?

ஆசையாக மல்லிகைச் செடி வாங்கி வருகிறோம். கொல்லை மண்ணை வெட்டித் தொட்டியில் நிரப்பி நடுகிறோம். தினமும் தண்ணீர் ஊற்றுகிறோம். ஒரு மாதத்தில் இலை பழுத்துச் செடி சாகிறது. "என் கைராசி அப்படி!" என்று வீட்டு அம்மாள் வருந்துகிறார்.

கைராசி அல்ல, மண்தான் காரணம்!

தரையில் மண்புழு துளை போடும். தண்ணீர் ஆழத்துக்கு இறங்கும். தொட்டியில் அதற்கு வழி ஏது? களிமண் இறுகிவிடும். காற்று இல்லாமல் மூச்சு முட்டி வேர் அழுகும்.

செம்மண் 2 பங்கு, ஆற்று மணல் 1 பங்கு, மக்கிய தொழு உரம் 1 பங்கு. இவற்றைக் கலந்து நிரப்புங்கள். கடல் மணல் வேண்டாம், உப்பு. பச்சைச் சாணமும் கூடாது. சூடேறி வேரைக் கருக்கும்.

மாடியில் பாரம் ஏற்றப் பயமா? தென்னை நார்த் தூள் இருக்கிறது. கட்டியாக விற்கிறார்கள். தன் எடையைப்போலப் பல மடங்கு தண்ணீரைப் பிடித்து வைக்கும். ஆனால் அதிலும் உப்பு உண்டு. இரண்டு மூன்று முறை நல்ல தண்ணீரில் அலசிப் பிழியுங்கள். சத்து குறைவு, மண்புழு உரம் சேர்த்தே ஆகவேண்டும்.

அடியில் கூழாங்கல் பரப்பினால் தண்ணீர் வடியும் என்பார்கள். நம்பாதீர்கள்! தண்ணீர் கல்லுக்கு மேலே, மண்ணிலேயே தங்கிவிடும். துளைமேல் ஓர் ஓட்டுச் சில்லைக் கவிழ்த்தால் போதும்.

கலவையை நனைத்து ஒரு பிடி பிடித்துப் பாருங்கள். விரல் பட்டதும் உதிர்ந்தால் சரி. உருண்டையாகவே நின்றால், இன்னும் கொஞ்சம் நார்த் தூள் சேருங்கள்.