உங்களுக்குத் தெரியுமா? சுண்டெலி இதயமும் ஒரு நூல் முடிச்சும்

நிமிடத்துக்கு 500 முறைக்கு மேல் துடிக்கும் சுண்டெலி இதயத்தில் உயர் அழுத்தம் விளைவிக்கும் கேட்டை அறிய, ஆய்வாளர்கள் அதை மயக்கத்தில் ஆழ்த்தி மார்பைத் திறந்து, உடலெங்கும் இரத்தம் கொண்டு செல்லும் பெருந்தமனியின் வளைவின் மேல் சுமார் 0.4 மி.மீ. தடிமனுள்ள ஊசியை வைத்து, இரண்டையும் சேர்த்து நூலால் இறுக முடிந்து, உடனே ஊசியை மட்டும் உருவிவிடுகின்றனர். எஞ்சிய குறுகிய வழியே இரத்தத்தைத் தள்ள வேண்டிய இடக்கீழறை, சில வாரங்களில் சுவர் தடித்து, நாளடைவில் தளர்ந்தும் போகிறது. 1991-இல் வெளியான இம்முறை இன்று உலகெங்கும் கையாளப்படுகிறது.

ஆனால் எல்லா இதய நோயையும் கத்தியால் உருவாக்க இயலாது. கேரளத்தில் ஏழைகளையே பெரிதும் வாட்டிய நோய் எண்டோமயோகார்டியல் ஃபைப்ரோசிஸ். இதில் இதயத்தின் உட்சுவர் நார்த்திசுவாக இறுகிவிடும். கடலோர மோனசைட் மணலில் உள்ள சீரியம் என்னும் தனிமமும், உணவில் மக்னீசியக் குறைவும் சேர்ந்து இதற்குக் காரணமாகலாம் என்று, திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரா திருநாள் நிறுவனத்தில் எம்.எஸ். வலியத்தான் குழுவினர் கருதினர். நோயின் வேரை மண்ணிலும் வறுமையிலும் ஒருங்கே தேடிய அரிய முயற்சி இது. இதைச் சோதிக்க, அறுவை ஏதுமின்றி, எலிகளுக்கு மக்னீசியம் குறைந்த தீனியுடன் சீரியமும் கொடுத்தபோது, இதயத் திசுவின் பாதிப்பு மிகுந்தது.