மின்வண்டிகளும் பொது மின்னேற்று நிலையங்களும்

வழிச்செல்வோர்க்குத் தண்ணீர்ப்பந்தல் அமைத்தல் நம் முன்னோர் போற்றிய அறங்களுள் ஒன்று. அங்கு நீர் வார்ப்போன், வருபவன் கையிலுள்ள கலம் செம்போ மண்ணோ என்று கேளான். பெட்ரோல் வண்டிகட்கும் இந்நலம் ஒருவாறு உண்டு. எக்கம்பெனியார் செய்த வண்டியும் எந்நிலையத்தும் எண்ணெய் பெறும். மின்சாரத்தால் ஓடும் வண்டிகட்கோ இவ்வெளிமை தொடக்கத்தில் வாய்த்திலது. அஃது யாங்ஙனம் வாய்க்கும் என்பதனை ஈண்டு ஒரு சிறிது ஆராய்வாம்.

வீட்டு மின்சாரம் திசைமாறி ஓடுவது. பாட்டரி ஏற்பதோ ஒரே திசையில் ஓடுவது. வீட்டில் மின்னேற்றுங்கால் இம்மாற்றத்தை வண்டியினுள் உள்ள சிறு கருவி மெல்லச் செய்யும். நெடுஞ்சாலை நிலையங்களில் அதனை நிலையத்துப் பெருங்கருவியே செய்து, மின்சாரத்தை நேரே பாட்டரிக்கு விரைந்து செலுத்தும். ஆதலின் நிலையமும் வண்டியும் நான்கு வகையில் ஒத்தல் வேண்டும். அவையாவன: செருகுமுனை, மின்னழுத்தம், மொழி, கணக்கு என்பன.

முதற்கண் செருகுமுனை. ஜப்பானியக் கம்பெனிகள் 2010-இல் சாடெமோ என்னும் கழகத்தை நிறுவி ஒரு முனையைப் பரப்பின. ஜெர்மானிய, அமெரிக்கக் கம்பெனிகள் ஸி.ஸி.எஸ். என்னும் வேறொரு முனையை மேற்கொண்டன. டெஸ்லா கம்பெனியார் 2012-இல் தம் வண்டிகட்கே உரிய நிலையங்களைத் திறந்தனர். இங்ஙனம் ஒரே தொழிலுக்கு மூன்று முனைகள் தோன்றின. ஐரோப்பிய ஒன்றியம் 2014-இல், புதிய பொது விரைவு நிலையங்களில் ஸி.ஸி.எஸ். முனை கட்டாயம் இருத்தல் வேண்டும் என்று விதித்தது. பின்னர் டெஸ்லாவும் அங்கு விற்கும் மாடல் 3 வண்டிக்கு அம்முனையையே அமைத்தது. அமெரிக்காவிலோ 2022 நவம்பரில் டெஸ்லா தன் முனையின் அமைப்பைப் பிறர்க்கும் வெளியிட, 2023 மே மாதத்தில் போர்டும், ஜூனில் ஜெனரல் மோட்டார்ஸும் அதனை ஏற்றன. ஓரிடத்தில் சட்டம் செய்ததை மற்றோரிடத்தில் வாணிகம் செய்தது என்க.

முனை பொருந்திய அளவில் எல்லாம் பொருந்துமோ எனின், பொருந்தாது. டெஸ்லாவின் நிலையங்கள் பல 500 வோல்ட் அளவுக்கே அமைந்தவை. ஹூண்டாய் ஐயோனிக் 5 போன்றன ஏறத்தாழ 800 வோல்ட் அமைப்புடையன. அவை தம் உறுப்புகளாலேயே அழுத்தத்தை உயர்த்திக்கொள்ள வேண்டியிருத்தலின், அங்கு விரைவு குன்றும். இன்னும், டெஸ்லா வண்டியின் வாய் இடப்பக்கத்துப் பின்மூலையில் உள்ளமையால் அந்நிலையங்களின் மின்கயிறும் குறுகியதே. முன்புறம் வாயுடைய பிற வண்டி ஈரிடத்தை அடைத்துக்கொண்டு நிற்க நேரும்.

மூன்றாவது மொழி. பாட்டரி எவ்வளவு ஏற்கும், எப்பொழுது நிறுத்தல் வேண்டும் என்பவற்றை வண்டி நிலையத்திற்கு இடையறாது உணர்த்தல் வேண்டும். அவ்வாறே நிலையமும் தன் தலைமை அலுவலகத்தோடு பேசுதல் வேண்டும். இதற்கென நெதர்லாந்தில் தோன்றிய பொதுமொழி ஓ.ஸி.பி.பி. எனப்படும். இதனை அறிந்த கருவியை யாவரும் ஏற்று நடத்தலாம். நிறுவிய கம்பெனி மறைந்தாலும் கருவி ஊமையாய்க் கிடவாது. பாபேல் கோபுரம் கட்டினோர் செங்கல் குறைந்து நின்றாரல்லர். மொழி வேறுபட்டமையாலன்றோ நின்றனர்?

நான்காவது கணக்கு. கம்பெனிதோறும் தனிச் சீட்டும் தனிப் பதிவும் வேண்டுமாயின், கதவு திறந்தும் பயனில்லை. ஆதலின் 2024 ஏப்ரல் முதலாக ஐரோப்பிய ஒன்றியத்தில், புதிதாக நிறுவப்படும் 50 கிலோவாட்டும் அதற்கு மேற்பட்டும் ஆற்றலுடைய பொது நிலையங்கள் வங்கி அட்டையால் பணம் பெறுதல் வேண்டும் என்பது விதி.

நிற்க. இவ்வொற்றுமை தாழ்த்ததனால் வரும் துன்பம் யாரைச் சாரும்? சாடெமோ முனையுடைய நிஸ்ஸான் லீப் வண்டி 2010-இல் வெளிவந்தது. புதுமையை நம்பி முன்வந்தோர் அதனை வாங்கினர். பின்னர் அக்கம்பெனியே அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் தன் ஆரியா வண்டிக்கு ஸி.ஸி.எஸ். முனையை அமைத்தது. பழைய வண்டியில் பழுதில்லை. ஆயினும் அதற்குரிய முனை அந்நாடுகளின் புதிய நிலையங்கள் பலவற்றில் இல்லை. வீட்டில் மின்னேற்றும் வசதியுடையோர் இதனை ஒருவாறு பொறுப்பர். பழைய வண்டியைக் குறைந்த விலைக்கு வாங்கி, பொது நிலையத்தையே நம்பிய வாடகைக் குடியினர் என் செய்வர்?

இங்கிலாந்தில் இருவேறு அகல இருப்புப்பாதைகள் கிளஸ்டர் நகரில் சந்தித்தபோது, பிரயாணிகளும் பொருள்களும் ஒரு தொடரினின்று மற்றொன்றிற்கு மாற வேண்டியிருந்தது. 1846-இல் சட்டம் பிறந்தும், அகன்ற பாதை முற்றும் ஒழிந்தது 1892-இல்தான். செய்வோர் தம்முள் ஒவ்வாமையின் விலையைச் செல்வோரே இறுத்தனர். மின்வண்டி உலகம் இப்பாடத்தை விரைந்து கற்குமாயின் நன்று. முதலில் நம்பி வந்தோனை வழியிடை விடாது காப்பதே பொதுநிலையம் என்னும் பெயர்க்குத் தகுதியாம்.