காற்றறிந்து தோணி ஏறுவோம்

தமிழ்நாட்டின் பழனி மலையில் 2004 முதல் ரோப் கார் ஓடுகிறது. இரும்பு வடத்தில் தொங்கி மலையேறும் அந்த வண்டியையும் காற்றுப் பலத்தால் நிறுத்திவிடுகிறார்கள். யாத்திரிகர் எத்தனை பேர் காத்திருந்தாலும், காற்றுத் தணிந்த பின்பே அது மீண்டும் ஓடும்.

நமது வாவிக்கும் இதே விதி வேண்டும். படுவான்கரையில் விட்டுவந்த வயலைப் பார்க்கவும், மண்டூர்த் திருவிழாவுக்கும் நாம் தோணி ஏறுகிறோம். காற்றின் வேகம் இரண்டு மடங்கானால், அது தள்ளும் பலம் நான்கு மடங்காகும். ஆழம் குறைந்த நீரில் அலைகள் நெருங்கிச் செங்குத்தாக எழும். பாரம் கூடிய தோணிக்குள் தண்ணீர் எளிதில் புகும்.

ஆகவே புறப்படுமுன் வளிமண்டலவியல் திணைக்களத்தின் அறிக்கையை வானொலியில் கேட்போம். காற்று எத்திசையிலிருந்து, மணிக்கு எத்தனை கிலோமீற்றர் வேகத்தில் வீசும் என்பதோடு, இடையிடையே எவ்வளவு கூடும் என்பதையும் கவனிப்போம். திடீரென வரும் அந்த வீச்சே தோணிக்கு ஆபத்து. இடிமழையின்போதும் சிறிது நேரம் பலத்த காற்று வீசக்கூடும். எனவே முகில் கறுத்து இடி முழங்கினால், அறிக்கை எதுவானாலும் கரையிலேயே நிற்போம்.

1978 நவம்பர் 23ஆம் திகதிச் சூறாவளியைக் கண்ட பெரியோருக்குக் காற்றின் வலிமையைச் சொல்லத் தேவையில்லை. ஒரு நாள் பிந்தினால் வயல் எங்கும் போய்விடாது. போனவர் திரும்பி வரவேண்டும்.