ஹிப்னாடிசத்தால் காமம் கட்டுப்படுமா?

பாலியல் உந்துதலை அடக்க முடியாமல் வேலையும் குடும்பமும் கெட்டு நிற்கிறவரிடம், "ஹிப்னாடிசத்தில் சரியாக்கிவிடலாம்" என்றால் நம்பத்தான் தோன்றும். அதற்கு முன், அவருக்கு இருப்பது நோய்தானா? உலக சுகாதார நிறுவனத்தின் நோய்ப் பட்டியலில், 2022 முதல் நடைமுறையில் உள்ள பதிப்பில், 'கட்டாயப் பாலியல் நடத்தைக் கோளாறு' இடம்பெற்றிருக்கிறது. ஆறு மாதமோ அதற்கு மேலோ, நிறுத்த முயன்று முயன்று தோற்று, அன்றாட வாழ்க்கையே குலைந்தால்தான் அது கோளாறு. 'பாவம் செய்கிறோமே' என்ற உறுத்தல் மட்டும் போதாது. இந்த வித்தியாசம் நமக்குத் தெரியாததில்தான் லாட்ஜில் அறை போட்டு உட்காரும் 'வைத்தியர்'களின் பிழைப்பு ஓடுகிறது.

ஹிப்னாடிசம் மாயமும் அல்ல, தூக்கமும் அல்ல. கண்ணை மூடி, மூச்சைச் சீராக்கி, கவனம் ஓரிடத்தில் குவிந்திருக்கும்போது சொல்லப்படும் யோசனை சற்று ஆழமாக இறங்குகிறது, அவ்வளவுதான். இரவு பதினொரு மணி, தனி அறை, கை தானாகப் போனைத் தேடுகிறது. அந்தக் கணத்தை மனத்தில் ஓட்டி, போனை வைத்துவிட்டு எழுந்து போவதை ஒத்திகை பார்க்கச் சொல்வார்கள். ஒத்திகை வீண் என்று சொல்ல மாட்டேன். ஆனால் அது துணைதான், சிகிச்சை அல்ல. ஐபிஎஸ் எனும் குடல் தொல்லைக்கு ஹிப்னாடிசம் உதவுவதை 1984-இலேயே ஆய்வு காட்டியது. கட்டாயப் பாலியல் நடத்தைக் கோளாறுக்கோ பெரும்பாலும் தனித்தனி நோயாளிகளின் கதைகள்தான் கையில் இருக்கின்றன. புகைப்பழக்கத்தைக் கைவிட ஹிப்னாடிசம் உதவுமா என்று 14 ஆய்வுகளை அலசிய காக்ரேன் எனும் மருத்துவ ஆய்வுக் குழுகூட, போதிய ஆதாரம் இல்லை என்றே 2019-இல் சொன்னது. அதே ஆண்டு வெளியான ஸ்வீடன் ஆய்வில், பாலியல் உந்துதலை அடக்க முடியாத 137 ஆண்கள் பங்கேற்றார்கள். எண்ணத்தையும் பழக்கத்தையும் சேர்த்துத் திருத்தும் சிபிடி சிகிச்சை பெற்றவர்களுக்கு, காத்திருப்புப் பட்டியலில் இருந்தவர்களைவிட அறிகுறிகள் நன்றாகக் குறைந்தன.

"எனக்குக் குணமானதே" என்பவர் பொய் சொல்லவில்லை. வெட்கத்தை விட்டு ஒருவரிடம் மனம்திறந்து பேசியதே பாதிப் பாரத்தை இறக்கியிருக்கலாம். ஒப்பிட்டுப் பார்க்க இன்னொரு குழு இல்லாமல் அதைப் பிரித்தறிய வழியில்லை. செய்து பார்ப்பதில் என்ன நஷ்டம் என்றால், நஷ்டம் உண்டு. ஹிப்னாடிச நிலையில் பழையதைத் துருவித் துருவிக் கேட்டால், நடக்காததும் நடந்ததாக நினைவில் படியக்கூடும். உண்மைக் காரணம் தெரியாமலும் போகலாம்: இருமுனைக் கோளாறும், பார்க்கின்சன் நோய்க்கான சில மாத்திரைகளும்கூடக் காம உந்துதலைக் கிளப்பிவிடும். இதை மருத்துவர்தான் கண்டுபிடிக்க முடியும். ஆகவே முதலில் மனநல மருத்துவரைப் பாருங்கள். நேரில் போகத் தயக்கமாக இருந்தால், மத்திய அரசின் 'டெலி மானஸ்' மனநல உதவி எண் 14416. கட்டணம் கிடையாது, தமிழிலேயே பேசலாம்.