பாட்டிக்குத் தெரிந்த ஜப்பான்

பரிமாற்ற மாணவராக வெளிநாடு போகவிருக்கும் தம்பி தங்கைகள் என்னைப் பார்த்ததும் கேட்கும் முதல் கேள்வி, "அக்கா, ரொம்பக் குளிருமா?" என்பதுதான். குளிரும். ஆனால், குளிருக்கு முன்னால் வேறு பல வேலைகள் வரிசை பிடித்து நிற்கும்.

பல்கலைக்கழகத்தில் மூன்றாம் ஆண்டு படித்தபோது ஜப்பானின் கியோத்தோ நகரில் ஓராண்டு படிக்கும் வாய்ப்பு எனக்குக் கிடைத்தது. 1982இல் தொடங்கிய கிழக்கு நோக்கும் கொள்கையின் கீழ் ஜப்பானுக்குப் போன நம் நாட்டு மாணவர்கள் பலர் அங்கேயே முழுப் படிப்பையும் முடித்துப் பட்டம் வாங்கியவர்கள். பரிமாற்ற மாணவருக்கு அந்த வசதி இல்லை. ஊர் பழகுவதற்குள் பெட்டி கட்டும் நாள் வந்துவிடும். அதனால் முதல் இரண்டு மாதங்களை வீணாக்கக் கூடாது.

விமான நிலையத்திலேயே வசிப்பு அட்டையைக் கையில் கொடுத்துவிடுகிறார்கள். குடியேறிய 14 நாள்களுக்குள் வட்டார அலுவலகத்துக்குப் போய் முகவரியைப் பதிய வேண்டும். மூன்று மாதங்களுக்கு மேல் தங்கும் மாணவர்கள் தேசிய மருத்துவக் காப்புறுதியில் சேர்வது கட்டாயம். அதையும் அன்றே முடித்துவிடலாம். பிறகு சளி, காய்ச்சல் என்று கிளினிக் போனால் கட்டணத்தில் 30 விழுக்காட்டை மட்டும் நாம் கட்டினால் போதும். பகுதி நேர வேலைக்குத் தனி அனுமதி தேவை. அதுவும் வாரத்துக்கு 28 மணி நேரம்தான்.

அடுத்தது குப்பை. சிரிக்காதீர்கள். கியோத்தோவில் எரிக்கும் குப்பைக்கு நகராட்சியின் மஞ்சள் பையைக் காசு கொடுத்து வாங்க வேண்டும். போத்தல், டின் வகைக்கு வேறு பை, வேறு நாள். காலை எட்டு மணிக்குள் உரிய இடத்தில் வைத்து, காக்கை கிழிக்காதபடி வலையால் மூட வேண்டும். பிரித்துப் போடாத பையை எடுக்காமல், அதன்மேல் ஒரு தாளை ஒட்டிவிட்டுப் போய்விடுவார்கள். அது அங்கேயே கிடக்கும்; தெருவில் போவோர் வருவோர் எல்லாரும் பார்ப்பார்கள். அபராதத்தைவிட இது கடுமை என்பேன்.

சாப்பாட்டைப் பற்றித்தான் அம்மா அதிகம் கவலைப்பட்டார். எங்கள் வீட்டில் வெள்ளிக்கிழமை சைவம். ஜப்பானில் காய்கறிச் சாப்பாடு என்று நினைத்து வாங்குவதில்கூட 'தாஷி' என்ற சாறு கலந்திருக்கும். அது பெரும்பாலும் காய்ந்த மீன் சீவலில் எடுப்பது. மிசோ சூப்பிலும் அதுதான். கடற்பாசியில் மட்டும் எடுத்த தாஷியும் உண்டு. கடையில் பொட்டலத்தைத் திருப்பிப் பார்த்து வாங்கப் பழகிக்கொண்டேன். அந்த ஊர் அரிசி ஒட்டும் தன்மையுள்ளது. ரசம் ஊற்றினால் கஞ்சியாகிவிடும், ஆனால் தயிர்ச் சோற்றுக்கு அதைப்போல் வேறு அரிசி கிடையாது. ஒரு எச்சரிக்கை: பச்சைக் கறிவேப்பிலையையும் கோழிச் செருண்டிங்கையும் பெட்டியில் வைக்காதீர்கள். சான்றிதழ் இல்லாத இலை வகைகளும் இறைச்சி வகைகளும் விமான நிலையத்தைத் தாண்டா.

மொழிதான் பெரிய மலை என்றார்கள். எழுத்து மலைதான். ஆனால், வாக்கியம் அமைவது அப்படியே நம் தமிழ். வினைச்சொல் கடைசியில் வரும். வேற்றுமை உருபு பெயருக்குப் பின்னால் ஒட்டும். 'தபெதெ மிரு' என்றால் சாப்பிட்டுப் பார். 'மிரு' என்ற சொல்லுக்கும் பார் என்றுதான் பொருள்! 'கத்தெ ஒகு' என்றால் வாங்கி வை. இங்கிலீஷ் வழியாக யோசித்த ஐரோப்பிய மாணவர்கள் இதில் திணறியபோது, தமிழ்ப்பள்ளியில் ஆறாண்டு படித்த எனக்கு அது விளையாட்டாக இருந்தது. தமிழுக்கும் ஜப்பானிய மொழிக்கும் உறவு உண்டு என்று சுசுமு ஓனோ என்ற அறிஞர் எழுதினார். மொழியியலாளர் பெரும்பாலோர் அதை ஏற்கவில்லை. உறவு இருக்கிறதோ இல்லையோ, எனக்குத் தேர்வில் உதவியது.

காலையில் கிளம்பும்போது விடுதிக் காப்பாளர் அம்மாவிடம் 'இத்தெ கிமாஸ்' என்பேன். நேர்ப்பொருள், போய் வருகிறேன். அவர் 'இத்தெராஷ்ஷாய்' என்று பதில் சொல்வார்: போய் வா. இந்த இரண்டு சொல் பழகிய பிறகுதான் அந்த விடுதி எனக்கு வீடானது.

பாட்டியிடம் இதையெல்லாம் சொல்ல முடியவில்லை. அவருக்குத் தெரிந்த ஜப்பான் வேறு. சுங்கை சிப்புட் பக்கம் ஒரு தோட்டத்தில் அவர் கைக்குழந்தையாக இருந்தபோது, அவருடைய அப்பாவைச் சயாம் ரயில் பாதை போடப் பிடித்துக்கொண்டு போனார்கள். 1942, 43இல் சயாமிலிருந்து பர்மாவுக்கு 415 கிலோமீட்டருக்குப் போட்ட அந்தப் பாதையில் மாண்ட மலாயாத் தமிழர்கள் பல்லாயிரம் பேர். அவரும் திரும்பவில்லை. வாரம் தவறாமல் பாட்டி தொலைபேசியில் கேட்ட கேள்வி ஒன்றுதான்: "அவனுங்க ஒன்னைய நல்லா வச்சிருக்கானுங்களா?"

இரண்டாம் பருவத்தில் ஒரு வகுப்பில் அவரவர் குடும்பத்தைப் பற்றி ஐந்து நிமிடம் பேசச் சொன்னார்கள். நான் வரைபடம் காட்டிச் சயாம் பாதையைப் பற்றிப் பேசினேன். என்னோடு படித்தவர்களில் பலர், அங்கே செத்தவர்கள் வெள்ளைக்காரக் கைதிகள் மட்டும் என்று நினைத்திருந்தார்கள். யாரும் வாதாடவில்லை; மன்னிப்பும் கேட்கவில்லை. இருபது வயதுப் பிள்ளைகளிடம் நான் அதை எதிர்பார்க்கவும் இல்லை. வகுப்பு முடிந்து வெளியே வந்ததும் ஒரு தோழி மட்டும், "அவர் பெயர் என்ன?" என்று கேட்டாள். சொன்னேன். கைப்பேசியில் எழுதி வைத்துக்கொண்டாள்.

பாட்டியிடம் சொன்னபோது, "எங்கப்பா பேரு அந்தப் புள்ளைக்கு எதுக்கு?" என்றார். கோபமா, ஆச்சரியமா என்று எனக்குப் பிடிபடவில்லை. அடுத்த ஞாயிற்றுக்கிழமை வீடியோ அழைப்பில் தோழியும் பக்கத்தில் இருந்தாள். பெயரை மெல்லச் சொல்லிப் பார்த்தாள். அதில் இரண்டு 'ல' உண்டு. ஜப்பானியர் வாயில் அது 'ர' ஆகிவிடும். பாட்டி கொஞ்ச நேரம் திரையையே பார்த்தார். பிறகு, "ர இல்ல கண்ணு, ல" என்று திருத்தினார். அவள் மறுபடி சொன்னாள். மறுபடி திருத்தினார். நாலைந்து தடவை இப்படியே போனது.

கடைசியில் பாட்டி என்னிடம், "அந்தப் புள்ள சாப்பிட்டுச்சான்னு கேளு" என்றார்.