பாலூட்டும் தாய்க்கு ஒரு செம்பு தண்ணீர்

இடம்பெயர்ந்த குடும்பங்களோடு பேசும்போது தாய்ப்பாலின் நன்மை பற்றி நாம் புதிதாக எதுவும் சொல்லவேண்டியிருப்பதில்லை. அது எமது தாய்மாருக்குத் தெரியும். ஆனால் பால் கொடுக்கின்றவள் இன்று எத்தனை தரம் தண்ணீர் குடித்தாள் என்று கேட்டால் வீட்டில் ஒருவருக்கும் பதில் தெரியாது; பல வேளைகளில் அவளுக்கே தெரியாது. மாட்டுக்குத் தண்ணீர் காட்டியாயிற்றா, மிளகாய்க் கன்றுக்கு ஊற்றியாயிற்றா என்று நாள் தவறாமல் கேட்கும் கமக்காரக் குடும்பங்களில் இந்த ஒரு கேள்வி மட்டும் விடுபட்டுப் போகின்றது.

தாய்ப்பாலின் நூறு பங்கில் ஏறத்தாழ 87 பங்கு நீர். தாய்ப்பால் மட்டுமே குடிக்கும் குழந்தை நாளொன்றுக்கு முக்கால் லீற்றர் அளவு, அதாவது நாம் மண்ணெண்ணெய் வாங்கும் ஒரு போத்தல் அளவு பால் குடிக்கின்றது. அது அவ்வளவும் தாயின் உடலிலிருந்து போவது. ஆகவே மற்றப் பெண்களுக்கு வேண்டியதைவிட இன்னுமொரு போத்தல் நீர் அவளுக்கு வேண்டும். உணவிலுள்ள நீரையும் சேர்த்தால் நாளுக்கு ஏறத்தாழ 2.7 லீற்றர். இது நிழலில் இருப்பவளின் கணக்கு. சோளகக் காற்று வீசும் மாதங்களில் கூலிக்கு வெங்காயம் பிடுங்கப் போகின்றவளுக்கும், தகரக் கூரையின் கீழ் சமைக்கின்றவளுக்கும் இது போதாது.

தண்ணீர் சற்றுக் குறைந்தால் பால் உடனே வற்றிவிடும் என்று பயப்படுவோர் உண்டு. உடல் அப்படிச் செய்வதில்லை. பிள்ளையின் பங்கைக் கொடுத்துவிட்டு, தாயின் பங்கைத்தான் அது முதலில் குறைக்கின்றது. பிள்ளை கொழுகொழுவென்று இருக்கும். தாய்க்குத் தலையிடி, மலச்சிக்கல், தலைச்சுற்று, சலக்கடுப்பு. பிள்ளையைப் பார்த்து எல்லோரும் திருப்திப்படுவதால் தாயின் வாட்டம் ஒருவர் கண்ணிலும் படுவதில்லை. மறுபுறம், குடம் குடமாகக் குடித்தால் பால் பெருகும் என்பதும் சரியல்ல. இறைக்கிற கிணறுதான் ஊறும். மேலேயிருந்து வாளியால் ஊற்றி ஒருவரும் ஊற்றைப் பெருக்கியதில்லை. பால் போதவில்லை என்று தோன்றினால் பிள்ளையை மார்பில் போடும் தடவைகளைக் கூட்டவேண்டும். தாய் குடிக்கவேண்டியது தன் தாகத்துக்கு.

அந்தத் தாகத்தை அவள் ஏன் அடக்குகின்றாள் என்பதுதான் கேள்வி. அறியாமை என்று சொல்லிவிடுவது எளிது. நாம் அப்படி நினைக்கவில்லை. பொதுக் குழாயிலோ பவுசரிலோ வரிசையில் நின்று, குடத்தை இடுப்பில் சுமந்து வருகின்றவள் அவள்தான். அந்தத் தண்ணீர் சமையலுக்கு, பிள்ளைகளுக்கு, வேலைக்குப் போகின்றவருக்கு என்று பங்கிடப்பட்டு, மிஞ்சியது அவளுக்கு. இதைவிடப் பெரிய காரணம் மலசலகூடம். பல குடும்பங்கள் பாவிக்கும் மலசலகூடம் தூரத்தில், இருட்டில், கொளுக்கி இல்லாத கதவோடு இருந்தால் எந்தப் பெண்தான் பொழுதுபட்ட பின் போவாள்? போகாமலிருப்பதற்காகப் பின்னேரம் நான்கு மணியோடு குடிப்பதை நிறுத்திவிடுகின்றாள். வந்த சலத்தையும் விடியும்வரை அடக்குகின்றாள். சலக்கடுப்பு வருவதற்கு இதைவிட வேறு வழி வேண்டாம். 1995 ஒக்டோபர் இறுதியில் வலிகாமத்தை விட்டுத் தென்மராட்சிக்கு வந்த நாட்களையும், 2009இல் செட்டிகுளம் மெனிக் பாம் முகாமையும் கடந்து வந்த பெண்களுக்கு நாம் இதை விளக்கவேண்டியதில்லை.

ஆகவே தாயைப் பார்த்து "நிறையக் குடியுங்கோ" என்று சொல்லிவிட்டுப் போவதில் பயனில்லை. இரவில் கூட்டிக்கொண்டு போக ரோச் லைற்றோடு ஒருவர் வேண்டும். அது கணவன் செய்யக்கூடிய வேலை. அல்லது கொட்டிலின் மூலையில் மறைப்புக் கட்டி, மூடியுள்ள வாளியொன்று வைக்கலாம். காலையில் அதைக் கொண்டுபோய் ஊற்றுவதும் ஆணுக்குக் குறைச்சலான வேலையல்ல. முகாமிலோ தற்காலிகக் குடியிருப்பிலோ இருப்பவர்கள் உதவி நிறுவனங்களோடு பேசும்போது அளவு தெரிந்து பேசவேண்டும். அனர்த்த காலங்களுக்கான ஸ்பியர் அளவுகோலின்படி ஆளொருவருக்கு நாளுக்குக் குறைந்தது 15 லீற்றர் தண்ணீர், 20 பேருக்கு ஒரு மலசலகூடம், 500 மீற்றருக்குள் நீர் எடுக்குமிடம், வரிசையில் அரை மணிக்கு மேற்படாத காத்திருப்பு. பெண்களின் மலசலகூடத்துக்கு விளக்கும் உட்கொளுக்கியும் கேட்பது அதிகப்படியான கோரிக்கையல்ல.

வீட்டு மூத்தவர்களோடும் ஒரு வார்த்தை. பிள்ளைப்பெற்றவள் பச்சைத்தண்ணீர் குடித்தால் வயிறு ஊதும், பிள்ளைக்குச் சளி பிடிக்கும் என்று அளந்து கொடுக்கும் வழக்கம் இன்னும் உண்டு. கிணற்றுத் தண்ணீரில் நோய் வந்த காலத்தில் பச்சைத்தண்ணீரை விலக்கியதில் நியாயம் இருந்திருக்கும். ஆனால் விலக்கவேண்டியது காய்ச்சாத தண்ணீரையே ஒழியத் தண்ணீரையே அல்ல. கொதித்தாறிய நீரை இளஞ்சூட்டோடு கொடுங்கள். மல்லி அவித்த தண்ணீர் கொடுங்கள். சரக்குக் கறியும் சமைக்கலாம், தாகமும் தீரும், ஒருவரும் தோற்கவேண்டியதில்லை.

பிள்ளை மார்பைப் பற்றியவுடனேயே பல தாய்மாருக்கு நாக்கு வறளும். ஆகவே பால் கொடுக்க உட்காரும் இடத்தில் ஒரு செம்பு தண்ணீர் மூடி வைத்திருப்பது நல்ல பழக்கம். மாமியார் நீட்டினால் இன்னும் நல்லது. தண்ணீர்தான் வேண்டுமென்பதில்லை. சோற்றுக்கஞ்சி, மோர், முருங்கையிலைச் சொதி, தேசிக்காய்த் தண்ணீர், கிடைத்தால் இளநீர், வத்தகப்பழம் எல்லாம் கணக்கில் சேரும். தேத்தண்ணீரும் சேரும், ஆனால் சோற்றோடும் இரும்புச்சத்துக் குளிசையோடும் அதைக் குடித்தால் இரும்புச்சத்து உடலில் சேராது. ஒரு மணித்தியாலம் தள்ளிக் குடியுங்கள். சோடாவுக்குக் காசு செலவழிக்கவேண்டாம். போதுமான அளவு குடித்தாளா என்பதைச் சலத்தின் நிறம் சொல்லும்: வெளிறிய வைக்கோல் நிறமென்றால் நல்லது, கடும் மஞ்சளென்றால் குறைவு.

இவ்வளவும் தாய்க்கு. ஆறு மாதம் நிரம்பாத பிள்ளைக்கு எந்த வெயிலிலும் ஒரு சொட்டுத் தண்ணீர் வேண்டாம். அதன் தண்ணீர் பாலிலேயே இருக்கின்றது. முன்பு நான்கு முதல் ஆறு மாதம் என்று சொல்லப்பட்டது. 2001இல் உலக சுகாதாரப் பேரவை அதை ஆறு மாதமென்று உறுதிசெய்தது. கமக்காரருக்கு இதில் இன்னொரு காரணமும் உண்டு. யாழ்ப்பாணக் குடாநாட்டின் சுண்ணாம்புக்கல் நிலத்தில், தோட்டத்துக்குப் போடும் யூரியாவும் எருவும் மழையோடு இறங்கிக் கிணற்றில் நைத்திரேற்றாகச் சேருகின்றன. லீற்றருக்கு 50 மில்லிகிராமுக்கு மேற்பட்டால் அந்தத் தண்ணீரில் கரைத்த பால்மா கைக்குழந்தையின் இரத்தத்தைக் கெடுத்து, உடலை நீலம் பாரிக்கச் செய்யக்கூடும். காய்ச்சினால் கிருமி சாகும், நைத்திரேற்று போகாது. தாய் அந்தத் தண்ணீரைக் குடித்தாலும் அது பாலில் அதிகம் ஏறுவதில்லை.

தாய்க்கு வயிற்றோட்டம் வந்தால் பாலை நிறுத்தக்கூடாது. ஜீவனி ஒரு பக்கற்றைக் கொதித்தாறிய ஒரு லீற்றர் நீரில் முழுவதையும் கரைத்து, அடிக்கடி குடிக்கக் கொடுங்கள். ஜீவனி இல்லாவிட்டால் அதே அளவு நீரில் மட்டமாக ஆறு தேக்கரண்டி சீனியும் அரைத் தேக்கரண்டி உப்பும். சலக்கடுப்போடு காய்ச்சலோ முதுகு நோவோ வந்தாலும், அரை நாளாகச் சலம் போகாவிட்டாலும் ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டும். பிறந்து ஒரு வாரம் கடந்த பிள்ளை நாளுக்கு ஆறு தடவைக்குக் குறைவாகச் சலம் விட்டாலும், உச்சிக்குழி உள்வாங்கினாலும், பால் குடிக்க எழும்பாமல் சோர்ந்து கிடந்தாலும் கிளினிக் நாள் வரும்வரை பார்த்திருக்கவேண்டாம். அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள். போகும் வழியிலும் பால் கொடுத்துக்கொண்டே போங்கள்.